தமிழில் பாரசீகக் கூட்டுப் பெயரடைகளும் அயற்கூற்றும்

இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரே பெயரடையாக்கும் முறை பாரசீக மொழியில் மிகுதி. நிலம் என்று பொருள்படும் 'ஜமீன்' என்பதோடு, வைத்திருத்தல் என்று பொருள்படும் வினையின் அடியான 'தார்' சேர்ந்தால் 'ஜமீன்தார்', அதாவது நிலமுடைய. இத்தகைய சொற்கள் பல 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆட்சி வழியாகத் தமிழுக்கு வந்து நிலைத்தன. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் பாரசீக வாக்கிய முறை மட்டும் தமிழுக்குள் வரவில்லை. ஒன்று வந்ததற்கும் மற்றொன்று வராததற்கும் காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளுள் ஒன்று பெரக்கரை நாடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று வழங்கும் இப்பெயர்களில் உள்ள 'நாடு', சோழர் கல்வெட்டுகளில் காணப்படும் பழைய ஆட்சிப் பிரிவின் பெயராகும். ஆனால் பெரக்கரை நாட்டு உழவர் ஒருவர் பட்டா கேட்டுச் செம்மேட்டில் உள்ள வட்ட அலுவலகத்துக்குப் போனால், அங்கே அவர் காண்பது தாசில்தாரை. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய ஆண்டுதோறும் நடப்பது ஜமாபந்தி. பணம் கட்டினால் கையில் கிடைப்பது ரசீது. வழக்கு என்று வந்தால் வக்கீலுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பது வக்காலத்து நாமா. அவரே தாளில் மனுதாரர் ஆகிவிடுகிறார். ஊரின் பெயர் சோழர் காலத்தது, அலுவலகத்தின் பெயர்கள் பாரசீகம்.

பாரசீகம் வந்த வழி

17ஆம் நூற்றாண்டில் செஞ்சிப் பகுதி பீஜப்பூர் சுல்தான்களின் கைக்கு வந்தபோதே பாரசீக அலுவல் சொற்கள் தமிழகத்தில் பரவத் தொடங்கிவிட்டன. 1698இல் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் அரசுக் கடிதங்களும் வரலாற்று நூல்களும் பாரசீகத்தில் எழுதப்பட்டன. நவாப் முகமது அலி வாலாஜாவின் வரலாற்றைக் கூறும் 'துசக்-இ-வாலாஜாஹி' அவற்றுள் ஒன்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1934 முதல் வெளியிட்டது. தஞ்சை மராத்தியர் வழியாகவும் பாரசீகச் சொற்கள் வந்தன. மராத்தி அலுவல் மொழி அவற்றை முன்பே ஏற்றிருந்தது.

கொல்லிமலை அடிவாரப் பகுதி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தான் தம் கனவுகளைக்கூடப் பாரசீகத்தில்தான் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு 'க்வாப் நாமா', அதாவது கனவுப் பதிவு, என்ற பெயரில் அறியப்படுகிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம், நாமக்கல், பாராமகால் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நில அளவையும் வரி விதிப்பும் நடந்தன. ரீட்டின் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ பாரசீகம் கற்றவர். ஒப்பந்தப்படி மனித உடலிலிருந்து சதையை வெட்டித் தரக் கேட்கும் வட்டிக்காரனின் கதை ஒன்றைப் பாரசீகத்திலிருந்து அவர் மொழிபெயர்த்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கதை புதிதாக இராது.

ரீட்டும் மன்றோவும் இங்கே வளர்த்த வரிமுறைக்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத்து என்பது குடியானவரைக் குறிக்கும் அரபுச் சொல், 'வார்' என்பது 'வாரியாக' என்னும் பொருள் தரும் பாரசீக ஈறு. ஆகவே 'ரயத்துவாரி' என்பதும் ஒரு கூட்டுப் பெயரடைதான்: குடியானவர் வாரியான. சேலம் மாவட்டத்தின் பெயரை வரலாற்றுப் பாடநூல்களில் ஏற்றிய முறையின் பெயரே பாரசீகக் கூட்டுச்சொல்லாக அமைந்துவிட்டது.

ஜோன்ஸ் எழுதிய இலக்கணம்

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் பாரசீகம் கற்க நெடுங்காலம் பயன்படுத்திய நூல் வில்லியம் ஜோன்ஸ் 1771இல் லண்டனில் வெளியிட்ட பாரசீக இலக்கணம். கூட்டுப் பெயரடைகளை அந்த மொழியின் தனி அழகுகளுள் ஒன்றாக ஜோன்ஸ் கருதினார். அவற்றை மூன்று வகையாகவும் பிரித்தார். தமிழ் இலக்கணம் பயின்ற மாணவருக்கு அந்த மூன்றும் எளிதில் விளங்கும்.

முதல் வகையில் பெயரோடு வினையடி சேரும். வழியைக் குறிக்கும் 'ராஹ்' என்பதோடு, காட்டுதலைக் குறிக்கும் 'நமா' சேர்ந்தால் 'ராஹ்நமா'. இது நம் 'வழிகாட்டி' என்பதேதான். மரங்கொத்தி, மண்வெட்டி, நாடோடி ஆகியவையும் இந்த அமைப்பில் உள்ளவை. வினையடி காலம் காட்டாமல் நிற்பதால் வினைத்தொகையின் சாயலும் இதில் உண்டு. நிலத்தை வைத்திருந்தவரா, வைத்திருப்பவரா என்பதை 'ஜமீன்தார்' என்ற சொல் தெரிவிக்காது.

இரண்டாம் வகையில் பெயரடையோடு பெயர் சேரும். இனிய என்னும் பொருளுள்ள 'குஷ்' என்பதோடு, மணம் என்னும் பொருளுள்ள 'பூ' சேர்ந்தால் 'குஷ்பு', நறுமணமுள்ள. திரைப்பட நடிகை ஒருவரின் பெயராகத் தமிழ்நாடு முழுவதும் அறிந்த சொல் இது. மூன்றாம் வகையில் இரண்டு பெயர்கள் உவமையாகச் சேரும். 'பரீ' என்றால் தேவதை, 'ருஃக்' என்றால் முகம். 'பரீருஃக்' என்பது தேவதை போன்ற முகமுடையவள். 'கயல்விழி வந்தாள்' என்னும்போது கயலும் விழியும் அல்லாத ஒரு பெண்ணைக் குறிக்கிறோம் அல்லவா? பள்ளியில் அன்மொழித்தொகை என்று படித்தது அதுதான்.

ஜோன்ஸின் நூலில் கூட்டுச்சொற்களுக்கு எடுத்துக்காட்டாகக் கவிதையின் அழகியர் வருகிறார்கள். சென்னைக்கு வந்த இளம் அலுவலர்கள் எதிர்கொண்டதோ தாசில்தாரையும் மிராசுதாரையும். 1812இல் எல்லிஸ் முன்முயற்சியில் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளோடு பாரசீகமும் கற்பிக்கப்பட்டது. 1837இன் 29ஆம் சட்டம் நீதி, வருவாய்த் துறைகளில் பாரசீகத்தைக் கைவிட வழிசெய்தது. மொழி போயிற்று, சொற்கள் தங்கின.

அலுவலகத்தில் தங்கிய சொற்கள்

இச்சொற்களைப் பிரித்துப் பார்ப்பது பாரசீக இலக்கணம் படிக்க நல்ல வழி. 'தாசில்' என்பது வசூலைக் குறிக்கும் அரபுச் சொல். அதனோடு 'தார்' சேர்ந்தால் வசூலைக் கையில் வைத்திருப்பவர். சிரஸ்தார் இன்னும் சுவையானது. 'சர்' என்றால் தலை, 'ரிஷ்தா' என்றால் நூல், இரண்டும் சேர்ந்தால் நூலின் தலைப்பு. கட்டி வைத்த ஆவணங்களின் நுனியைப் பிடித்திருப்பவர் 'சர் ரிஷ்தா தார்'. அதைத் தமிழ் நாக்கு சிரஸ்தார் ஆக்கியது. தலை என்னும் இந்தச் 'சர்' என்பதோடு வேலை என்னும் 'கார்' சேர்ந்ததுதான் சர்க்கார்.

'பந்த்' என்பது கட்டுதல் என்னும் வினையின் நிகழ்கால அடி, 'பஸ்த்' அதன் இறந்தகால அடி. இரண்டையும் 'ஒ' என்னும் இணைப்பால் கோத்தால் 'பந்த் ஒ பஸ்த்', கட்டுவதும் கட்டியதும். பழைய வருவாய்ப் பதிவுகளில் வரி ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர் இருந்தது. இன்று பந்தோபஸ்து என்றால் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் நிற்கும் காவலர்கள்தான். ஜமாபந்தியில் உள்ள 'பந்தி'யும் இதே வினையிலிருந்து பிறந்தது. மொத்தத் தொகையைக் கட்டி முடித்தல் என்பது அதன் பொருள். சாப்பாட்டுப் பந்திக்கும் இதற்கும் உறவில்லை. கொல்லிமலையில் அந்தக் கணக்கு முடிவது பசலி ஆண்டில். 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை 1434ஆம் பசலி.

'தஸ்த்' என்றால் கை, 'ஆவேஸ்' என்றால் பற்றித் தொங்குதல். கை பற்றிக்கொள்ளும் ஆதாரமே தஸ்தாவேஜு. குமாஸ்தா என்பது வினையின் எச்ச வடிவம், அமர்த்தப்பட்ட என்பது பொருள். ரசீது ஒரு முழு வினைமுற்று. 'ரசீத்' என்றால் 'வந்து சேர்ந்தது'. பணம் வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்த ஒற்றைச் சொல் அந்தத் தாளுக்கே பெயராயிற்று. ராஜினாமா முதலில் இசைவுப் பத்திரம். இருவர் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொள்வதற்கும் நிலத்தை விட்டுக்கொடுப்பதற்கும் எழுதப்பட்டது. வேலையை விட்டுக்கொடுப்பது என்னும் பொருள் பின்னால் நிலைத்தது.

அலுவலகத்துக்கு வெளியே வந்தவையும் உண்டு. 'பே' என்பது இல்லாத என்னும் பொருள் தரும் முன்னொட்டு. ஈமான் இல்லாத தன்மை 'பேஈமானி', சென்னைத் தெருவில் பேமானி. வாரிசு இல்லாதது 'பேவாரிஸ்', நாம் கேட்கும் பேவர்சி அதிலிருந்து வந்தது. திட்டுபவருக்கும் திட்டு வாங்குபவருக்கும் இதில் ஓர் இறையியல் சொல்லும் ஒரு சொத்துரிமைச் சொல்லும் இருப்பது தெரியாது!

தார் முதல் தாரர் வரை

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பே' என்னும் முன்னொட்டு பேமானி, பேவர்சி போன்ற சில சொற்களில் உறைந்து நின்றதே தவிர, வேறு தமிழ்ச் சொல்லோடு ஒட்டவில்லை. 'பேமானம்' என்றோ 'பேபணம்' என்றோ யாரும் சொல்வதில்லை. தமிழில் இல்லாமையைக் காட்டும் சொல் பின்னால்தான் வரும்: மானமற்ற, பணமில்லாத. 'தார்' என்பதோ பின்னால் வருவது. அதனால் தமிழ் அதைத் தன் விகுதியாகவே எடுத்துக்கொண்டது. மேலே 'அர்' என்னும் மதிப்பு விகுதியும் ஏற்றித் 'தாரர்' ஆக்கிற்று. குத்தகைதாரர், வாடகைதாரர், பங்குதாரர், ஒப்பந்ததாரர், விண்ணப்பதாரர், மனுதாரர் என்பவற்றில் பல, பாரசீகம் ஆட்சி மொழியாக இருந்த காலத்துக்குப் பின் தமிழர் தாமே உண்டாக்கியவை. 'பட்டதாரி' என்பதில் உள்ள 'தாரி' வேறு, அது வடமொழி. ஆயினும் வடமொழித் 'தாரி'யும் பாரசீகத் 'தார்' என்பதும் ஒரே பழைய மூலத்திலிருந்து கிளைத்தவை.

இந்த ஈறு வருமுன் தமிழில் அதன் வேலையைச் செய்தது 'ஆளி'. பாரசீகத்தில் 'கர்ஸ்தார்' என்பவர் தமிழில் கடனாளி. முதலாளி, தொழிலாளி, பயனாளி எல்லாம் அவ்வாறே. பங்காளியும் பங்குதாரரும் சொல் அமைப்பில் ஒன்றே, ஆனால் பங்காளி உறவுமுறைக்கும் பங்குதாரர் வணிகத்துக்கும் என்று வழக்கு பிரித்துக்கொண்டது. கொல்லிமலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். இது கேரளத்தவரைக் குறிப்பதன்று. மலையோடு 'ஆளி' சேர்ந்தது, மலைக்குரியவர் என்பது பொருள். பெரக்கரை நாட்டு மலையாளி செம்மேட்டில் மனுதாரர் ஆகும்போது, ஒரே வகையான கூட்டுச்சொல்லின் தமிழ் வடிவிலிருந்து பாரசீக வடிவுக்கு மாறுகிறார்.

'கி'யும் 'என்று'ம்

பிறர் கூற்றைச் சொல்லும்போது பாரசீகம் 'கி' என்னும் இடைச்சொல்லைப் பயன்படுத்தும். இன்றைய ஈரானிய உச்சரிப்பில் அது 'கெ'. 'குஃப்த் கி மீஆயம்' என்றால் 'சொன்னான், வருகிறேன் என்று'. சொன்ன வினை முன்னே, 'கி' நடுவே, கூற்று பின்னே. தமிழில் கூற்று முன்னே, 'என்று' நடுவே, சொன்ன வினை கடைசியில். இந்த 'என்று' ஒரு வினையெச்சம். 'என்' என்னும் வினையிலிருந்து பிறந்தது, சொல்லி என்பது அதன் நேர்ப்பொருள்.

வரிசை எதிரெதிராக இருந்தாலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு மொழியிலும் பேசியவரின் காலம் மாறாது. 'வருகிறேன்' என்றது நேற்றானாலும் 'வருகிறேன் என்றான்' என்றே சொல்கிறோம், பாரசீகமும் அப்படியே. ஆங்கிலத்தில் சொன்ன வினை இறந்தகாலமானால் உள்ளே இருக்கும் வினையும் பெரும்பாலும் பின்னுக்குப் போகும். ஆங்கில வழியில் பாரசீகம் கற்பவர் இந்த இடத்தில் தடுமாறுவார், தமிழ் வழியில் கற்பவருக்கு இங்கே தடையில்லை.

வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. 'கி' வந்தால் கூற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியும், எங்கே முடிகிறது என்று தெரியாது. 'என்று' வந்தால் எங்கே முடிகிறது என்று தெரியும், எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மேற்கோள் குறி இல்லாத ஓலையிலும் கையெழுத்து மனுவிலும் இது சிறிய செய்தியன்று. நிலத் தகராறு ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்:

கந்தன் நிலம் எனக்குச் சொந்தம் என்று சொன்னான்.

கந்தன் தன் நிலம் என்று உரிமை கொண்டாடினான் என்று இதைப் படிக்கலாம். நிலம் மனு எழுதியவருக்கே சொந்தம் என்று கந்தன் ஒப்புக்கொண்டான் என்றும் படிக்கலாம். வேறொருவன் வந்து, கந்தனுடைய நிலம் தனக்குரியது என்றான் என்று படிக்கவும் இடமுண்டு. நிலம் மூன்று பேருக்குப் போகிறது. பாரசீகத்தில் எழுதினால் மூன்றாம் பொருள் அடிபட்டுப்போகும். கந்தன் 'கி'க்கு முன்னும் நிலம் பின்னும் நின்றுவிடும். ஆனால் 'எனக்கு' யாருக்கு என்னும் ஐயம் அங்கேயும் தீராது. அதைத் தீர்க்கத் தமிழில் 'தான்' உண்டு, பாரசீகத்தில் 'குத்' உண்டு. 'நிலம் தனக்குச் சொந்தம் என்று கந்தன் சொன்னான்' என்றால் மூவரில் ஒருவரே எஞ்சுவார். பள்ளியில் நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'நான்' என்பதைத் 'தான்' என்று மாற்றச் சொல்வது மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று.

தாசில்தார் முதல் பேமானி வரை ஏற்ற தமிழ் 'கி'யை ஏற்கவில்லை. தமிழ் வாக்கியம் வினையில் முடிவது, சார்ந்து வருவதெல்லாம் வினைக்கு முன்னே நிற்க வேண்டும். சொன்ன வினைக்குப் பின்னே கூற்றைத் தொங்கவிடும் 'கி'க்கு அங்கே இடமில்லை.

எதிர்த் திசையில் நடந்தது

ஓட்டம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி ஊர்களில் பேசப்படும் தக்கினி உருது, பாரசீகச் சொற்களை நிறையக் கொண்டது. வட இந்திய உருதுவில் பாரசீகக் 'கி' வைத்து, 'உஸ் நே கஹா கி மைம் ஆத்தா ஹூம்' என்பார்கள். தக்கினிப் பேச்சில் அதுவே 'மைம் ஆத்தூம் போல்கே போல்யா' என்றாகிறது. 'போல்கே' என்றால் சொல்லி. கூற்று முன்னே, 'போல்கே' நடுவே, சொன்ன வினை கடைசியில். 'நான் வர்றேன்னு சொன்னான்' என்பதன் அச்சு அது. சொற்கள் அரண்மனையிலிருந்து குடிசைக்கு வந்தன. வாக்கிய முறை திராவிட மொழிகள் பேசும் அக்கம்பக்கத்தாரிடமிருந்து தக்கினிக்குப் போயிற்று. மொழிக் கலப்பைப் பற்றி எழுதுவோர் முன்னதைப் பட்டியலிடும் அளவுக்குப் பின்னதைப் பேசுவதில்லை.

'என்று' போய் 'ஆக' வந்தால்

தமிழில் அயற்கூற்றுக்கு இன்னொரு வடிவம் உண்டு: 'வருவதாகச் சொன்னான்'. இதில் வினை தன் திணை, பால், எண், இட விகுதியை இழந்து தொழிற்பெயராகிறது. பேசியவரின் வாய்ச்சொல் மறைந்து, எழுதுபவரின் சுருக்கம் மட்டும் நிற்கிறது. அலுவலகத் தமிழ் இதையே விரும்பும். 'மூன்று தலைமுறையாக உழுகிறோம்' என்று பெரக்கரை நாட்டவர் சொன்னது கோப்பில் 'மனுதாரர் மூன்று தலைமுறையாக உழுது வருவதாகக் கூறுகிறார்' என்று ஏறும். 'உழுகிறோம்' என்பதில் ஒரு குடும்பம் இருந்தது, 'வருவதாக' என்பதில் அது இல்லை. 'கூறுகிறார்' என்பதில் ஒருவரே மிஞ்சுகிறார். கூட்டு அனுபோகமா தனி அனுபோகமா என்று பின்னால் கேள்வி எழுந்தால், போன அந்த 'ஓம்' விகுதியைத் தேடத்தான் வேண்டும்.

கொல்லிமலை மக்களின் வரலாறும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் அச்சேறியது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் என்பது மலையாளிகளின் வாய்மொழிக் கதை. சேலம் மாவட்டக் கையேட்டை 1883இல் எழுதிய லெ ஃபானுவும், 1909இல் வெளிவந்த குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் தர்ஸ்டனும் இக்கதையைப் பதிவுசெய்தனர். அவற்றை அடியொற்றித் தமிழில் எழுதுவோர் 'வந்ததாகக் கூறப்படுகிறது' என்று முடிப்பது வழக்கம். மலையில் கேட்டால் 'காஞ்சியிலிருந்து வந்தோம்' என்கிறார்கள்.